உங்களுக்குத் தெரியுமா? ‘ரன்’ என்ற சொல் ஓடும் ஓட்டங்கள்

ஒரு சொல், 645 பொருள்

ஆங்கில வினைச்சொற்களில் அதிகப் பொருள் கொண்டது எது? பழைய பொது அறிவுப் புத்தகங்கள் ‘செட்’ என்று சொல்லும். 1989இல் வந்த ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் அந்தச் சொல்லுக்கு 430 பொருள். விளக்கம் மட்டும் சுமார் 60,000 சொற்கள். அந்தப் பதிலை இப்போது திருத்திக்கொள்ள வேண்டும். மூன்றாம் பதிப்புக்கான வேலையில் ‘ரன்’ முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள் என்று 2011இல் செய்தி வந்தது. அந்த ஒரு சொல்லை ஆராய்ந்து எழுதி முடிக்க, பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதம் எடுத்தது.

இவ்வளவு வளர்ச்சிக்கு இயந்திரங்கள் பெரிய காரணம். ரயில் வந்தது, ஆலை வந்தது, மோட்டார் வந்தது, கணினி வந்தது. ஒவ்வொன்றுக்கும் புதுச் சொல் தேடாமல் ஆங்கிலம் ‘ரன்’ என்பதையே எடுத்து மாட்டியது. நம்முடைய ‘ஓடு’ம் சும்மா இருக்கவில்லை. பஸ் ஓடுது, மில் ஓடுது, ஃபேன் ஓடுது, படம் ஓடுது என்று நாமும் அதே வழியில்தான் வந்திருக்கிறோம். ஆகவே ‘ரன்’ படிக்க உட்காரும் கல்முனைப் பிள்ளைக்கு அதில் நல்ல பங்கு உம்மாவின் வாயிலிருந்தே கிடைத்துவிட்டது. தனியாகப் படிக்க வேண்டியது, ‘ஓடு’ கூட வராத இடங்களை மட்டும்.

‘கார் ஓடத் தெரியுமா?’

தமிழ்நாட்டில் கார் ‘ஓட்டுவார்கள்’. நாம் கார் ‘ஓடுவோம்’. ‘வாப்பா லொறி ஓடுறவர்’, ‘மகன் இப்பதான் சைக்கிள் ஓடப் பழகுறான்’ என்பதெல்லாம் பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரை கேட்கிற பேச்சு. யாழ்ப்பாணத்திலும் அப்படியே. சென்னையிலிருந்து வருகிறவர் முதல் தடவை கேட்டால், காரோடு சேர்ந்து மனிதரும் ஓடுகிறாரா என்று ஒரு நொடி திகைப்பார்.

இலக்கணப் புத்தகம் ‘ஓடு’ தன்வினை, ‘ஓட்டு’ பிறவினை என்று பிரிக்கும். ஆடு–ஆட்டு, உருள்–உருட்டு என்ற வரிசையில் இதுவும் ஒன்று. ஆங்கிலத்தில் இந்தப் பிரிவு இல்லை. பஸ்ஸும் ‘ரன்’, பஸ் சேவையை நடத்துகிறவரும் ‘ரன்’. வாகனத்தைப் பொறுத்தவரை இலங்கைத் தமிழும் அந்தப் பிரிவைக் கைவிட்டு, ஒரே வினையை இரண்டுக்கும் வைத்துக்கொண்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார் ஓடுவதற்கு ஆங்கிலத்தில் ‘ட்ரைவ்’, சைக்கிளுக்கு ‘ரைட்’. ‘ஐ ரன் எ கார்’ என்று ஒருவர் சொன்னால், கார் ஒன்றை வைத்துப் பெற்றோல், காப்புறுதிச் செலவெல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் ஆங்கிலேயர் விளங்கிக்கொள்வார்.

‘கார் ஓடுறன்’ என்று எழுதும் பிள்ளையின் கட்டுரையில் சிவப்பு மையால் வெட்டும் ஆசிரியர்கள் உண்டு. இது பிழை இல்லை. ஒரு நாட்டின் தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் தலைமுறைகளாகப் பேசும் வழக்கு, இன்னொரு நாட்டு வழக்கோடு ஒத்துப்போகாததால் மட்டும் பிழையாகிவிடாது. இக்காலத் தமிழ் எப்படி இயங்குகிறது என்று பார்த்து, 1999இல் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ எழுதிய பேராசிரியர் எம். ஏ. நுஃமான் 1944இல் கல்முனைக்குடியில் பிறந்தவர். அவர் பிறந்த மண்ணில் பேச்சு மொழியைக் குறைத்துப் பார்ப்பது எனக்கு மனவருத்தம் தருகிற விஷயம்.

காலும் தண்ணீரும்

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ‘ரின்னன்’ என்று இருந்தது. எழுத்துகள் இடம் மாறி ‘இயர்னன்’ என்ற இன்னொரு வடிவமும் வழங்கியது. கப்பலில் வந்து இங்கிலாந்தில் குடியேறிய வடநாட்டு வைக்கிங்குகளின் ‘ரென்னா’வும் இதோடு கலந்தது. அந்தக் காலத்திலேயே அது மனிதர் ஓடுவதையும் குறித்தது, தண்ணீர் ஓடுவதையும் குறித்தது. ஜெர்மன் மொழி இரண்டையும் இன்றுவரை தனித்தனியாக வைத்திருக்கிறது: ‘ரென்னன்’ என்றால் ஓடுவது, ‘ரின்னன்’ என்றால் ஒழுகுவது. ஆங்கிலத்தில் சிற்றோடைக்கு ‘ரன்னல்’ என்று ஒரு பெயர் உண்டு. அதுவும் இதே குடும்பம்.

நம் ‘ஓடை’யும் ‘ஓடு’வின் பிள்ளைதான். ‘ஓடம்’ என்பதையும் சில அகராதிகள் இதோடு சேர்க்கின்றன. மலையாளத்திலும் கன்னடத்திலும் ‘ஓடு’ ஓட்டமே. தெலுங்கில் மட்டும் ‘ஓடு’ என்றால் தோற்றுப்போவது. போர்க்களத்தில் புறமுதுகிட்டு ஓடுகிறவன் தோற்றவன் என்று எண்ணிப் பார்த்தால் அந்தப் பொருள் தூரத்தில் இல்லை.

பாற்கட்டிக்குள்ளும்

சீஸ் செய்யப் பாலைத் திரளவைக்கும் பொருளுக்கு ‘ரென்னட்’ என்று பெயர். மரபாகக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது. இந்தப் பெயரும் ‘ரன்’ குடும்பத்தைச் சேர்ந்தது. சிதறிக் கிடக்கும் பால் ‘ஒன்றாக ஓடிச்சேர்ந்து’ கட்டியாகிறது என்பது பழைய ஆங்கிலேயரின் பார்வை. சட்டியில் எருமைத் தயிர் போடும் நம் வீடுகளில் இதையே ‘உறையுது’ என்போம். ரென்னட் தயிருக்குத் தேவையில்லை. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி போதும்.

வயிற்றோட்டம்

இந்தியாவில் ‘வயிற்றுப்போக்கு’. இலங்கையில் சுகாதாரத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரம் முதல் ஜீவனி கரைத்துக் கொடுக்கச் சொல்லும் மருத்துவத்தாதி வரை எல்லாருக்கும் ‘வயிற்றோட்டம்’. ஆங்கிலப் பேச்சு வழக்கிலும் அதே நோய்க்கு ‘த ரன்ஸ்’ என்று பெயர். ஒன்றை ஒன்று பார்த்து எழுதியது அல்ல. உடம்பு படும் பாடு எங்கும் ஒன்றுதான். தடிமன் பிடித்து மூக்கால் ஓடுவதும் ‘ரன்’ தான். ஆனால் காய்ச்சல் ‘ஓடுவது’ ஆங்கிலத்தில் மட்டும். நமக்குக் காய்ச்சல் காயும், அடிக்கும், ஓடாது.

கடை ஓடுமா, நடக்குமா?

கல்முனை பஸாரில் தெரிந்தவரைக் கண்டதும் கேட்பது, ‘யாவாரம் எப்பிடி ஓடுது காக்கா?’ என்று. கடை தானாக ஓடும்போது தமிழும் ஆங்கிலமும் ஒன்று. ஆனால் அந்தக் கடைக்குப் பொறுப்பானவரைச் சொல்லும்போது பாதை பிரிகிறது. ஆங்கிலேயர் கடையை, பள்ளிக்கூடத்தை, அரசாங்கத்தை ‘ரன்’ பண்ணுவார்கள், அதாவது ஓடவைப்பார்கள். நாம் ‘நடத்துவோம்’, அதாவது நடக்கவைப்போம். கல்யாணம், கூட்டம், வகுப்பு எல்லாம் நம்மிடம் நடப்பவை. எனவே ஆங்கிலத்தில் எழுதும்போது ‘நடத்து’ வருகிற இடத்தில் ‘ரன்’ பொருந்துமா என்று ஒரு முறை பாருங்கள். கடைக்கும் வகுப்புக்கும் பொருந்தும். கல்யாணத்துக்குப் பொருந்தாது, அதற்கு ‘ஹோல்ட்’ வேண்டும்.

‘மூளை ஓடல்ல’ என்பதை அப்படியே எடுத்து ஆங்கிலத்தில் போட்டாலும் நிற்காது. அங்கே மூளை ‘வேர்க்’ பண்ண வேண்டும்.

தேர்தலில் ஓடுகிறவர், நிற்கிறவர், கேட்கிறவர்

அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலில் ‘ரன்’ பண்ணுவார். பிரித்தானியாவில் அதே வேட்பாளர் ‘ஸ்டாண்ட்’ பண்ணுவார். ஒரே மொழிக்காரர்கள், ஒரே வேலை, ஒருவர் ஓடுகிறார், ஒருவர் நிற்கிறார். தமிழ்நாட்டுத் தமிழும் ‘தேர்தலில் நிற்கிறார்’ என்று பிரித்தானியப் பக்கம் நிற்கும்.

நம்முடைய பக்கத்தில் மூன்றாவது ஒன்று உண்டு. ‘இந்த முற ஆர் ஆர் கேக்காங்க?’ ‘அவர் மரத்துல கேக்கார்’, அதாவது மரச் சின்னத்தில். வாக்குக் கேட்பதில் ‘வாக்கு’ உதிர்ந்துபோய், ‘கேட்பது’ என்றாலே போட்டியிடுவது என்று ஆகிவிட்டது. எனக்கு இந்த வழக்கு மிகப் பிடிக்கும். வேட்பாளர் மக்களிடம் கேட்க வந்தவர் என்பதைப் பேச்சிலேயே வைத்திருக்கிறது.

அமெரிக்கத் துணை ஜனாதிபதி வேட்பாளரை ‘ரன்னிங் மேட்’ என்பார்கள். அது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. ஒரே லாயத்துக் குதிரைக்கு வேகம் பிடித்துக் கொடுக்கக் கூடவே ஓடவிடும் இன்னொரு குதிரைக்கு அந்தப் பெயர் இருந்தது.

ஓடாமலே நான்கு ஓட்டம்

கிரிக்கெட்டில் ஓட்டம் என்பது, இரு துடுப்பாட்டக்காரரும் 22 யார் ஆடுகளத்தின் மறுமுனையை அடைவது. ஆனால் பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் ஒருவரும் ஓடாமலே நான்கு ஓட்டம் கிடைக்கிறது. ஆரம்பக் காலத்தில் இங்கிலாந்தில் இதற்கு ‘ரன்’ என்றுகூடப் பெயர் இல்லை. ‘நொட்ச்’ என்பார்கள். புள்ளி எண்ணுகிறவர் ஒரு குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஓட்டத்துக்கும் அதில் ஒரு வெட்டு வெட்டுவார். 1744ஆம் ஆண்டு விதிகள் எழுதப்பட்ட காலத்தில் வழங்கிய சொல் அதுவே.

குச்சியில் வெட்டி எண்ணியிருந்தால் 1997இல் கொழும்பில் ஒரு தென்னை மரமே தேவைப்பட்டிருக்கும். அந்த ஓகஸ்டில் ஆர். பிரேமதாச மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை 6 விக்கெட்டுக்கு 952 ஓட்டங்கள் எடுத்தது. டெஸ்ட் போட்டியில் ஓர் அணி ஒரே இன்னிங்ஸில் எடுத்த அதிகபட்ச எண்ணிக்கை இன்றும் அதுதான். சனத் ஜயசூரிய 340, ரொஷான் மஹாநாம 225; இருவரும் இணைந்து 576.

சந்தாங்கேணி மைதானத்தில் மாலையில் விளையாடும் பிள்ளைகளின் வாயில் ‘ரன்’ என்பது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. வானொலி வர்ணனையில் மட்டும் ‘ஓட்டங்கள்’ என்று கேட்கிறது. இரண்டும் இருக்கட்டும்.

ரன்-அப்: பந்துவீச்சாளரும் கடலும்

பந்துவீச்சாளர் விக்கெட்டை நோக்கி ஓடிவரும் தூரத்துக்கு ‘ரன்-அப்’ என்று பெயர். சுனாமி அறிவியலிலும் அதே சொல் உண்டு. அலை கரையில் ஏறி, கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரமான இடம்வரை தொட்டது என்ற அளவுக்கு அந்தப் பெயர். நிலத்துக்குள் எவ்வளவு தூரம் போனது என்பது வேறு அளவு.

2004 டிசம்பர் 26 காலையில் அலை வந்தபோது, இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நம்முடையது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊருக்கு ஊர் தொட்டுக்கொண்டு, கடலிலிருந்து சில பத்து அடி தூரத்தில் வாழ்ந்த மக்கள். ‘கடல் வருது, ஓடுங்க’ என்ற சத்தத்தைக் கேட்டு ஓடிப் பிழைத்தவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். எங்கே ஓடுவது என்று தெரியாமல் போனவர்களும் பலர்.

அதனால் இந்த வேறுபாட்டை ஒரு சொல்லாராய்ச்சியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் கரை தட்டையானது. தட்டையான கரையில் ‘ரன்-அப்’ உயரம் பெரிதாகத் தெரியாவிட்டாலும் தண்ணீர் வெகுதூரம் உள்ளே போகும். கடல் திடீரென்று உள்வாங்கினால், நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தால், பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே கரையை விட்டு உள்நாட்டுப் பக்கம் போங்கள். கிட்டே உறுதியான மாடிக் கட்டடம் இருந்தால் மேலே ஏறுங்கள். முதல் அலை திரும்பிய பிறகு சாமான் எடுக்க வீட்டுக்குப் போக வேண்டாம். அடுத்த அலை முதல் அலையைவிடப் பெரிதாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள். 2004க்குப் பிறகு பிறந்தவர்கள் கடலை வேறு கண்ணால் பார்க்கிறார்கள்.

தொங்கோட்டம்

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிறவர்கள் ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு நடை செல்ல வேண்டும்; போவது ஒரு நடை, வருவது ஒரு நடை. அறபியில் ‘ஸயீ’. ஒரு நடை ஏறத்தாழ 450 மீற்றர். ஏழும் சேர்ந்தால் மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல். குழந்தை இஸ்மாயீலின் தாகத்துக்குத் தண்ணீர் தேடி அன்னை ஹாஜரா இங்கும் அங்கும் விரைந்ததை நினைவுகூரும் கடமை அது.

ஆங்கில நூல்கள் பல இதை ‘ரன்னிங்’ என்று எழுதிவைத்தன. அதைப் படித்துவிட்டு அங்கே போகிறவர், பெரும்பாலானோர் நடப்பதைப் பார்த்து யோசிப்பார். உண்மையில் முழுத் தூரமும் ஓட வேண்டியதில்லை. பச்சை விளக்குகள் எரியும் நடுப்பகுதியில் ஆண்கள் மட்டும் விரைவார்கள். மற்ற இடத்தில் நடை. பெண்களுக்கு எங்கும் நடைதான். ‘ஸயீ’ என்ற அறபுச் சொல்லுக்கே விரைந்து செல்வது, முயல்வது என்ற இரு பொருளும் உண்டு.

தமிழ் முஸ்லிம்கள் இதற்கு வைத்திருக்கும் சொல் ‘தொங்கோட்டம்’. விரைந்த நடைக்கும் முழு ஓட்டத்துக்கும் நடுவே நிற்கும் சொல். அந்தக் கடமையில் நடப்பது எதுவோ, அதற்கு ஆங்கிலத்தின் ‘ரன்னிங்’கைவிட எவ்வளவோ நெருக்கமாக இது பொருந்துகிறது. ஹஜ் முடித்து வந்த மூத்தம்மா ‘தொங்கோட்டம் ஓடிட்டு வந்தன்’ என்று சொல்லும்போது, ஒரு தமிழ்ச் சொல்லை மக்காவுக்குப் போய்த் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். இளையவர்கள் இதை விட்டுவிட்டு ‘ஸயீ’ என்று மட்டும் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அறபுச் சொல்லும் வேண்டும், தமிழ்ச் சொல்லும் வேண்டும்.

அஞ்சலோட்டம்

இல்ல விளையாட்டுப் போட்டியில் கடைசியாக, எல்லா இல்லமும் தொண்டை கிழியக் கத்தும் ஓட்டம் எது? அஞ்சலோட்டம். தமிழ்நாட்டில் ‘தொடரோட்டம்’ என்பார்கள். நம்முடைய பெயருக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. வாகனம் இல்லாத காலத்தில் தபால் பையைச் சுமந்து ஓடி, குறித்த இடத்தில் அடுத்தவரிடம் ஒப்படைப்பவர்கள் இருந்தார்கள். ஆங்கிலேயர் அவர்களை ‘ரன்னர்’ என்றார்கள். திருவிதாங்கூரில் அரசின் தபால் சேவைக்கே ‘அஞ்சல்’ என்றுதான் பெயர். மணி கட்டிய தடியோடு ஓடிய ‘அஞ்சலோட்டக்காரர்’ அங்கே ஊரறிந்தவர். அந்தச் சேவை 1951இல்தான் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. கோலைக் கைமாற்றும் பிள்ளைகளைப் பார்க்கும்போது அந்தப் பையை நினைத்துக்கொள்ளலாம்.

பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு

ரன், ரான், ரன். முதல் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்று. ‘கம், கேம், கம்’ போல. ‘ஹேஸ்’, ‘ஹேவ்’ வந்தால் பின்னால் ‘ரான்’ வராது; ‘ரன்’ தான். ‘ரன்ட்’ என்று ஒரு வடிவமே கிடையாது. ‘ரன்னிங்’ எழுதும்போது ‘என்’ இரண்டு.

பின்னால் ஒட்டும் சிறு சொல்லில் கவனம் வேண்டும். ‘ரன் இன்டூ’ என்றால் ஒருவரை எதிர்பாராமல் சந்திப்பது. ‘ரன் ஓவர்’ என்றால் ஒருவர் மேல் வாகனம் ஏறுவது. ‘ரன் அவுட் ஒஃப்’ என்றால் கைவசம் இருந்தது தீர்ந்துபோவது. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற எல்லாரும் இதை அனுபவத்தில் படித்தவர்கள். வங்கியின் மேல் ‘ரன்’ என்றால் வைப்பிலிட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க ஓடிவருவது. 2007 செப்டம்பரில் பிரித்தானியாவின் நோர்தர்ன் ரொக் வங்கிக்கு அது நடந்தது. கிணறு ‘ரன் ட்ரை’ ஆனால் வற்றிவிட்டது. புதுச் சாரத்தை வெள்ளைச் சட்டையோடு ஊறப்போட்டு, சட்டையெல்லாம் நீலமானால் ‘த கலர் ஹேஸ் ரன்’. நமக்குச் சாயம் போகும் அல்லது ஏறும், ஓடாது.

பாவோடுதல்

நெசவில் நீளவாட்டு நூலைப் பரப்பி இழுத்துத் தயார்செய்வதற்குத் தமிழில் ‘பாவோடுதல்’ என்று பெயர். நூலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மனிதர் போய்வந்து போய்வந்து செய்த வேலை அது. ஆங்கிலத்திலும் நூலுக்கு ‘ரன்’ உண்டு, ஆனால் அழிவின் பக்கத்தில்: நைலோன் காலுறையில் ஓர் இழை அறுந்து மேலிருந்து கீழே கோடாகப் பிரிவதை அமெரிக்கர் ‘ரன்’ என்பார்கள். பிரித்தானியருக்கு அது ‘ஏணி’.

மருதமுனையில் தறியோடு வாழ்ந்த குடும்பங்களில் இந்த வேலைக்கு வழங்கிய பெயர் என்ன? ‘பாவோடுதல்’ தானா, வேறு சொல்லா? கரைவலைக்காரர்கள் நீரோட்டத்துக்கும் மீன் வரவுக்கும், வயல்காரர்கள் வாய்க்கால் தண்ணீருக்கும் ‘ஓடு’வை எப்படியெல்லாம் சொல்கிறார்கள்? வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொன்னபடியே, ஊரின் பெயரையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி நமக்கு அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் அவற்றை வெளியிடுவோம்.